எந்தக் கோயிலுக்கு?

வரைபடத்தில் திருவான்மியூருக்கும் புதுச்சேரிக்கும்
ஒரு சாண்தான்.
தையல் நூலைக் கரையோடு ஒட்டி
வளைத்து வளைத்து அளந்தேன்:
நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர்.
ஏழு நாள். தை பிறந்ததும் கிளம்பலாம்.
வழிகாட்டி இல்லை, பின்னால் வேன் வராது.
ராத்திரிக்கு ஓர் அறை, காலையில் இட்லி,
இடது பக்கம் முழுக்கக் கடல்.

பெரம்பூர் வீட்டில் மீட்டர் பெட்டிக்கு மேலே
காலண்டர் தாளின் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
முட்டுக்காடு: முகத்துவாரம் திறந்திருந்தால் பாலத்துக்கு ஏறு.
கல்பாக்கம்: மணலில் விடமாட்டார்கள், சாலைக்குப் போ.
பாலாறு: ஜனவரியில் எவ்வளவு தண்ணீர்? யாரையாவது கேள்.
அந்த யாராவது இன்னும் கிடைக்கவில்லை.
மரக்காணம்: உப்பளம், நிழல் கிடையாது,
ஐந்து மணிக்கே கிளம்பு.

கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷம்
நின்றே வேலை பார்த்த கால்கள்.
நிற்கத் தெரியும், நன்றாகவே தெரியும்.
மற்றது தெரியுமா என்று பார்க்க
ஐந்து கிலோ துவரம்பருப்பை முதுகில் கட்டிக்கொண்டு
விடியுமுன் ஜமாலியா வரை போய்த் திரும்புகிறேன்.
நாய்களுக்குப் பழகிவிட்டது.
பால் போடுகிறவருக்கு இன்னும் இல்லை.

பழைய பேப்பர் கடைத் தராசில் பையை வைத்தேன்.
ஒன்பது கிலோ இருநூறு.
தங்கபாண்டி அண்ணாச்சி முள்ளை விட்டுவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்:
"எந்தக் கோயிலுக்கு?"

எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.
லீவுச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
முதலாளி கோவர்த்தன்.
வாயில் கிளிப்போடு துணி காயப்போட்டபடி
கீழ்வீட்டு பிலோமினா.
நம் ஊரில் அவ்வளவு தூரம் நடப்பவர்
ஒன்று வேண்டிக்கொண்டவர்,
இல்லை பஸ்ஸுக்குக் காசில்லாதவர்.
நான் இரண்டும் இல்லை.
"சும்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.
சும்மாவுக்கு ஏழு நாள் லீவு கிடையாது.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, டீ ஆறுவதற்குள்,
"வேளாங்கண்ணிக்கு" என்று பொய் சொன்னேன்.

கோவர்த்தன் பேனாவைத் தேடினார்.
கையெழுத்துப் போட்ட கையோடு
ஐநூறு ரூபாய்த் தாளை நான்காய் மடித்துக் கொடுத்து,
"பையனுக்குப் பவர் ஏறாம இருக்கணும்மா" என்றார்,
நாலாயிரம் ஃபிரேம்களுக்கு நடுவில் நின்று,
குரலைத் தாழ்த்தி.

பிலோமினா கைக்குட்டையில் ஒரு முடிச்சு கொண்டுவந்தாள்.
"உண்டியல்ல நீயே போடு. யார் கையிலயும் குடுக்காத."
பில் போடுகிற ஷகிலா பானு,
"போற வழியில நாகூர் வருமில்ல?" என்று
மருந்து டப்பாவில் பத்து ரூபாய் நாணயங்களைக் குலுக்கினாள்.
கிராம் கிராமாய்ப் பிழைக்கிற அண்ணாச்சி
கல்லாவில் கைவிட்டு
எண்ணாமல் அள்ளிப் போட்டார்.

சில்லறை மட்டும் எழுநூற்று நாற்பது கிராம்.
இரண்டாவது துண்டை எடுத்து வெளியே வைத்தேன்.
ஸ்வெட்டரையும்.
பையின் அடியில் மற்றவர்களின் பிரார்த்தனை
நடக்கும்போது சத்தம் போடுகிறது;
கைக்குட்டை சுற்றியும் அடங்கவில்லை.

ராத்திரி மறுபடி நூலை எடுத்தேன்.
புதுச்சேரியோடு அது தீர்ந்துவிட்டது.
வேறு நிறத்தில் ஒரு துண்டு முடிச்சுப் போட்டு
கடலூர், பரங்கிப்பேட்டை வரை இழுத்தேன்.
கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் பாலம் இல்லை,
எவ்வளவு உள்ளே போய்ச் சுற்றணுமோ.
தரங்கம்பாடி. காரைக்கால். நாகூர்.
பிறகு கொஞ்சம்தான்.
முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பதினாறு நாள்.
சொன்ன பொய்க்கு
ஒன்பது நாள் கூடுதலாக நடக்க வேண்டும்.

கோவர்த்தனிடம் மறுபடி சீட்டு நீட்டினேன்.
"மாதா காரியம்" என்று அதற்கும் போட்டுக் கொடுத்தார்.

காலண்டர் தாளைப் பார்க்க மாடியேறி வந்த பிலோமினா
ஊர்களை விரலால் எண்ணிவிட்டுக் கேட்டாள்:
"எல்லாருக்கும் எடுத்துட்டுப் போற.
உனக்கு என்னடி வேண்டுதல்?"

யோசிக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது.
"பாலாத்துல முழங்காலுக்கு மேல
தண்ணி இருக்கக் கூடாது."

அவள் உடனே கண்ணை மூடி
நெற்றியில் சிலுவை போட்டாள்,
எனக்காக,
ஈர விரலால்.